மயிரிழை இடைவெளி

என் மகளைப் பெரிய தைரியசாலி என்று நானும் என் கணவரும் இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்குச் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு முன்னால் யாரோ ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வீறிட்டன, தெருநாய் எங்கள் ஸ்கூட்டருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. என் மகள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பாலில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை வயது. "எங்கப்பா மாதிரி, எதுக்கும் அசர மாட்டா" என்று என் கணவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். ஜனவரியில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு காதிலும் வயர் மாட்டிச் சோதித்துவிட்டு, அவளுக்கு மிகக் கொஞ்சம்தான் கேட்கிறது என்றார்கள். எனக்கு அந்தச் செய்தியைவிட அந்தப் பெருமைதான் நெடுநாள் குத்திக்கொண்டிருந்தது.

இது தொண்ணூறுகளின் பின்பாதி. என் கணவர் மத்திய அரசில் ஒரு அமைச்சகத்தில் வேலை பார்த்தார். நான் ஓக்லா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபேக்டரியில் கெமிஸ்ட். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து அவர் எட்டு வகை ஆபீஸ் ஹிந்தி கற்றுக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸிலும் காய்கறி வண்டியிலும் ஃபேக்டரியிலும் அகப்பட்டதைப் பொறுக்கி வைத்திருந்தேன்.

குழந்தையின் காதை அளந்து மெஷின் பொருத்திக் கொடுத்த ஆடியாலஜிஸ்ட் அம்மாள் நல்லவர், கண்டிப்பானவர். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, குழந்தையிடம் ஒரே பாஷையில் பேசுங்கள். பள்ளிக்கூடம் ஹிந்தியில் என்றால் வீட்டிலும் ஹிந்தி. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு, பேச்சு வருகிற வயது இதுதான், விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்க வேண்டும். இந்த வயதைத் தவற விட்டால் பிறகு எவ்வளவு கேட்டாலும் பேச்சு பிடிபடுவது கஷ்டம் என்றார். நாங்கள் இருவரும் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அவளிடம் ஹிந்திதான்.

ஒரு காதுக்குத்தான் மெஷின், ஆனால் நல்ல மெஷின்தான். தகராறு பண்ணியது மோல்டு. மெஷின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தைப் பெரிதாக்கும். ஒரு சின்னக் குழாய் அதைக் காதுக்குள் கொண்டுபோகும். குழாயின் நுனியில், அவளுடைய காதை அளவெடுத்துச் செய்த கண்ணாடி போன்ற ஒரு துண்டு காதை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தத் துண்டுதான் மோல்டு. அதற்கும் காதுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போச்சு. உள்ளே போன சத்தம் வெளியே கசியும், மெஷின் அதையே திரும்பப் பிடித்து இன்னும் பெரிதாக்கும், அது மறுபடி கசியும், கடைசியில் கீ என்று ஒரு விசில். பால் குக்கர் தோற்றுவிடும்.

விசில் அவளுக்குக் கேட்காது. எங்களுக்குத்தான் கேட்கும். பார்க்கில் மற்றக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வதை, பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதை, அவள் கண்ணால் பார்ப்பாள். தன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. நாலு வயது ஆகும்போது அவள் மெஷினைக் கழற்றி ஒளித்து வைக்கப் பழகிவிட்டாள். ஒரு நாள் என் செருப்புக்குள், ஒரு நாள் துவரம்பருப்பு டப்பாவில், ஒரு நாள் கூலருக்குப் பின்னால். விசிலை நிறுத்த ஆடியாலஜிஸ்ட் அம்மாளுக்குத் தெரிந்த ஒரே வழி மெஷினின் வால்யூமைக் குறைப்பது. குறைத்துக் குறைத்து, நாங்கள் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினால்தான் உண்டு என்று ஆகிவிட்டது. அதனால் கத்தினோம். சாப்பிட வா, பால் குடி, பந்தைப் போடு, எல்லாம் கத்தல்தான். வயது அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவளிடம் இருந்ததோ ஒரு கைப்பிடி வார்த்தை.

மாதம் ஒரு மோல்டு மாற்றிக்கொண்டிருந்தோம். லாஜ்பத் நகரில் ஒரு சந்துக்குள் மாடியில் மோல்டு செய்பவர் ஒருவர் இருந்தார். வழக்கமாக என் கணவர்தான் ஆபீஸுக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தரம் அவருக்குப் பார்லிமென்ட் கேள்விக்குப் பதில் தயார் செய்யும் வேலை வந்து மாட்டிக்கொள்ள, நான் போனேன். மாடிப்படி ஏறும்போதே எனக்கு மூக்கில் சுருக்கென்றது. அது எங்கள் ஃபேக்டரி வாசனை.

எங்கள் ஃபேக்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை இதன் மேலெல்லாம் பளபளவென்று ஒரு பூச்சு இருக்குமே, அந்த வார்னிஷ் செய்கிறவர்கள் நாங்கள். தடவும்போது திரவம். புற ஊதா விளக்கின் கீழே போனால் கண்மூடித் திறப்பதற்குள் கெட்டி. குளிர்காலத்தில் கல்யாண சீசன் வந்தால் சாவ்ரி பஜார் அச்சகக்காரர்கள் வரிசையாகப் போன் பண்ணுவார்கள். 'மேடம், கார்டெல்லாம் அப்பளமாகச் சுருண்டுகொள்கிறது.' பூச்சு கெட்டியாகும்போது சுருங்கும். சுருங்கும்போது காகிதத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சுருக்கத்தைக் குறைப்பதுதான் என் வேலையில் முக்கால்வாசி. என் மாமியாரிடம் ஒரு தரம் இதைச் சொன்னேன். "அதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று கேட்டார்.

அது ஏன் சுருங்குகிறது என்பது லேசான விஷயம். திரவத்தில் மோனோமர் என்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கின்றன. ஒளி பட்டதும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. கை பிடித்தால் நெருங்கித்தானே நிற்க முடியும்? ஒவ்வொரு கைப்பிடிக்கும் இடம் கொஞ்சம் குறையும். சின்ன ஆட்களாக, ஆளுக்கு மூன்று கையாக இருந்தால் ஒரே இடத்தில் ஏகப்பட்ட கைப்பிடி. மொத்தமும் நன்றாகச் சுருங்கிவிடும். அதற்குப் பதில், முதுகில் பெரிய படுக்கைச் சுருளைக் கட்டிக்கொண்டு ரயிலுக்கு வந்த ஆட்கள் மாதிரி, இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கையை நீட்டும் மோனோமராகப் பார்த்துப் போட்டால், கைப்பிடிகள் குறையும், சுருக்கமும் குறையும். மிகப் பெரிய மூலக்கூறாகவே போட்டுவிட்டால் இன்னும் குறையும்தான், ஆனால் திரவம் தேன் மாதிரி ஆகி ஊற்றவே வராது. சுருங்கக் கூடாது, ஆனால் ஓட வேண்டும், ஆனால் கெட்டியாக வேண்டும். மாமியாரை மெச்சும் மருமகள் மாதிரி, அப்படி ஒன்று கிடைப்பது கஷ்டம்.

மோல்டு அறையில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை, என் மகளைப் 'பிட்டியா', மகளே, என்று கூப்பிட்டு முதலில் ஒரு டாஃபி கொடுத்தார். மாவு போன்ற ஒரு பிங்க் கலவையைக் காதுக்குள் அடைத்து, இறுகியதும் எடுத்தார். காதின் அச்சு அப்படியே வந்தது. அந்த அச்சை வைத்து, ஒளி உள்ளே புகுகிற ஒரு ஜெல்லில் குழி உண்டாக்கி, அந்தக் குழியில் ரெசினை ஊற்றி, நீல விளக்குப் பெட்டியில் வைத்தார். பெட்டியிலிருந்து வெளியே எடுத்த மோல்டைக் கையில் வாங்கி, பிங்க் அச்சோடு சேர்த்துப் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சுருண்ட கார்டுகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய எனக்கு உடனே தெரிந்தது. காதுக்குள் போகிற அந்த மூக்கு, அச்சில் இருந்ததைவிட நூலிழை குட்டை, நூலிழை ஒல்லி. சாவ்ரி பஜார் கார்டைச் சுருட்டுகிற அதே சங்கதி என் குழந்தையின் காதில் விசிலடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மோல்டுக்காரர் கடையில் விற்கும் ரெசினை வாங்கி ஊற்றுகிறார், அவர் என்ன செய்வார்? இத்தனை நாள் காகிதத்துக்குப் பார்த்த வைத்தியத்தை என் வீட்டுக்குப் பார்க்காமல் இருந்தோமே என்று பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். மடியில் அவள் தூங்கிவிட்டாள். புது மோல்டு கீ என்று கத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் எங்கள் முதலாளியிடம் போய் நின்றேன். பஞ்சாபிக்காரர், வாயைத் திறந்தால் வசவு, மனசு வெண்ணெய். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் லேப் வேண்டும், காகிதத்துக்கு அல்ல, காது மோல்டுக்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பச்சி கே லியே?" குழந்தைக்காகவா என்றார். ஆமாம் என்றேன். "தோ பூச் க்யோன் ரஹீ ஹோ?" அதற்கு எதற்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று அதற்கும் ஒரு வசவு விழுந்தது.

மூன்று கை மோனோமரை முதலில் தூக்கி எறிந்தேன். தேன் மாதிரி கெட்டியான பெரிய மூலக்கூறு ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். அதை ஊற்றக்கூடிய அளவுக்கு இளக்க ஒற்றைக் கை மோனோமர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று சுருங்கவில்லை, ஆனால் மோல்டு ரப்பர் மாதிரி வளைந்தது. ஒன்று கெட்டியானது, ஆனால் கீழே விழுந்ததும் உடைந்தது. கடைசியில் கைக்கு வந்தது ஐசோபோர்னைல் என்ற வகை. முதுகில் வளையம் வளையமாகப் பெரிய மூட்டை, ஒரே கை, தண்ணீராக ஓடும், கெட்டியாகவும் ஆகும். பைன் மர எண்ணெயிலிருந்து வருவது, கற்பூரத்துக்குப் பங்காளி. பாட்டிலைத் திறந்தால் லேசாகக் கோயில் வாசனை அடிக்கும். நான் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அந்த வாசனை எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் இது காகிதம் இல்லை. குழந்தையின் தோல். இந்த ஜாதித் திரவங்கள் கையில் பட்டால் சிலருக்குச் சொறி வரும். என் மணிக்கட்டிலேயே வந்திருக்கிறது. அதனால் வேகமாகக் கெட்டியாகும் ரகத்தை விட்டுவிட்டு, தோலுக்குக் கொஞ்சம் சாதுவான, மெதுவான ரகத்தை எடுத்தேன். விளக்கில் திருப்பித் திருப்பிப் போட்டு, கெட்டியான துண்டை ஸ்பிரிட்டிலும் வெந்நீரிலும் ஊறவைத்து, கை பிடிக்காமல் தப்பி நின்ற மோனோமரையெல்லாம் வெளியே இழுத்தேன். அப்புறமும் பயம். ஒரு சின்ன வில்லை செய்து என் முழங்கைக்கு உள்பக்கம் வைத்துப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டேன்.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"உங்களுக்கு எதுக்கு? நான் ஒருத்தி பாத்தா போதாதா?"

"பாதி என் தோலுதானட்டி அவளுக்கு. ஒன் தோலு தாங்குச்சுன்னா என் தோலு தாங்க வேண்டாமா?"

ரசாயனம் படித்தவள் நான். ஆனால் அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு இடது புஜத்தில் ஒரு வில்லையைக் கட்டிவிட்டேன். அரைக்கைச் சட்டையில் அது வெளியே தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"செக்‌ஷன்ல எல்லாவனும் இது தாவீஸான்னு கேக்கான். எந்த பாபா கொடுத்தாருன்னு ஒருத்தன் அட்ரஸ் கேக்கான்."

தாவீஸ் என்றால் நம்மூர்த் தாயத்து. "நீங்க என்ன சொன்னிய?"

"ஆமா, பிள்ளைக்காகக் கட்டியிருக்கேன்னேன். பொய்யில்லையே."

அன்றைக்கு நான் அவருக்குக் கூடுதலாக ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். எங்கள் வீட்டில் பிரியத்தைக் காட்டுவது அந்த மட்டில்தான். இரண்டு வில்லைகளும் ஒன்றும் செய்யவில்லை. தோல் தோலாகவே இருந்தது.

ரெசினை ஒரு பழுப்புப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு லாஜ்பத் நகர் போனேன். அச்சு ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மறுநாள் வரச் சொன்னார். போனோம். மோல்டு நீர்ச்சொட்டு மாதிரித் தெளிவாக இருந்தது. நானே அதை அவள் காதில் வைத்துத் திருகி அழுத்தினேன். அடுத்த நொடி அவள் அலறினாள். அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். என் கையைத் தட்டிவிட்டு, மோல்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். காது மடலுக்குள் ரத்தமாகச் சிவந்திருந்தது. டாஃபி எடுபடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரையும் தன் காதுக்குப் பக்கத்தில் வர விடவில்லை. தலை வார விடவில்லை. பழைய மோல்டையும் போட விடவில்லை. முன்னே விசிலோடு கொஞ்சமாவது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

நான் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். என் கணவர் கதவைத் தட்டினார்.

"நாந்தான் அவ காதப் புண்ணாக்கிட்டேன். பேசாம இருந்திருக்கலாம்."

"அவ அப்பமே அழுது முடிச்சிட்டு பந்து விளையாடுதா. நீ இன்னும் முடிக்கல. வெளிய வா, தண்ணி வீணாப் போவுது."

தண்ணீர் வீணாகப் போவதுதான் டெல்லியில் பெரிய விஷயம். வெளியே வந்தேன்.

புத்தி கொஞ்சம் திரும்பியதும் அந்த மோல்டையும் பிங்க் அச்சையும் ஃபேக்டரிக்கு எடுத்துப் போய்க் காலிப்பரில் அளந்தேன். மோல்டு அச்சைவிடப் பெரிதாக இருந்தது. திரும்ப அளந்தேன். பெரிதுதான். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், என் ரெசின் சுருங்காமல் இருக்கலாம், கொஞ்சமாகச் சுருங்கலாம். பெரிதாக ஆகவே ஆகாது. கெட்டியாகும்போது விரிகிற மோனோமர்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். அப்படி ஒன்றை நான் அறியாமல் கண்டுபிடித்துவிட்டேனோ என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பழைய ஜர்னல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை காது சிவந்து கிடக்கிறது, தாய்க்காரி இங்கே உட்கார்ந்து கண்டுபிடிப்பாளி ஆகிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் மோல்டுக்காரரிடம் போய், ஊற்றியதிலிருந்து எடுத்தது வரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெல்லில் வைப்பதற்கு முன்னால் அச்சை உருக்கிய மெழுகில் முக்குவாராம், குழி உண்டானதும் மெழுகை உரித்துவிடுவாராம். அது எனக்குத் தெரியாது. நான் பார்த்த அன்றைக்கு அந்தப் பக்கம் டாஃபித் தாளைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எல்லோருக்கும் ஒரு முக்கு. ரெசின் எப்படியும் சுருங்கும் என்பதால் அச்சைக் கொஞ்சம் பெருக்க வைக்கும் வழக்கம்.

"பிட்டியா கா டபுள்," என்றார். பிட்டியாவுக்கு மட்டும் இரண்டு முக்கு. அவளுக்கு எப்போதும் விசிலடிக்கிறதே என்று அவராகவே பாசத்தில் ஒன்று கூட்டியிருக்கிறார். இத்தனை மாதமாக அப்படித்தான் செய்து வந்தாராம். அப்படியும் பழைய மோல்டு விசிலடித்தது ஏனென்றால், மெழுகு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறது, ரெசின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை.

நான் சுருக்கத்தை எடுத்துவிட்டேன். அவர் சுருக்கத்துக்கான மெழுகை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருடைய பிரியமும் சேர்ந்து அந்தச் சின்னக் காதுக்குள் போய் முட்டியிருக்கிறது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. அவர் டீ வரவழைத்தார். பிறகு அந்த அச்சை வெந்நீரில் போட்டு, இடுக்கில் ஒட்டியிருந்த மிச்ச மெழுகையும் உருக்கி எடுத்து, சுரண்டித் துடைத்து, நான் பக்கத்தில் நிற்க, வெறும் அச்சில் ஒரு மோல்டு ஊற்றினார்.

இனி அதைப் போட்டுக்கொள்ள அவள் சம்மதிக்க வேண்டும். அதற்கு வழி கண்டுபிடித்தது என் கணவர். தனக்கும் ஒரு மோல்டு செய்யச் சொன்னார். நல்ல காது உள்ள மனுஷன், மூக்குக்கண்ணாடி போட்ட அரசாங்க உத்தியோகஸ்தர், ஞாயிற்றுக்கிழமை காலை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தக் கண்ணாடித் துண்டைத் தன் காதில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். அவள் வந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி தானே அவர் காதில் திணித்தாள். அவர் "ஆ!" என்று அலறுவது போல் முகத்தைக் கோணினார், அவளுக்கு ஒரே சிரிப்பு. பத்துத் தரமாவது அப்படிச் செய்திருப்பாள். அவர் காது சிவந்துவிட்டது. அதன் பிறகு அவள் தன்னுடைய மோல்டை எடுத்து, அவரிடம் கொடுத்து, தலையைச் சாய்த்துக் காட்டினாள். என்னிடம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

அது உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் அழவில்லை. மெஷினைப் போட்டோம். விசில் இல்லை. ஆடியாலஜிஸ்ட் அம்மாளிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வால்யூமைக் கொஞ்சம் கூட்டினார், காத்திருந்தார், இன்னும் கூட்டினார், கையை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சத்தமே இல்லை. இந்த மெஷினை இந்த அளவில் வைக்க முடியும் என்று தான் நினைக்கவில்லை என்றார்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள், என்னைப் பார்ப்பாள், ஏதோ நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் இருந்த ஆறின புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. மெஷினைக் கழற்றி ஒளிப்பதை நிறுத்தியிருந்தாள். அதுவே பெரிது என்று என் கணவர் சொன்னார். ஆமாம் என்றேன். உள்ளுக்குள் எனக்குப் போதவில்லை. நாங்கள் பழக்க தோஷத்தில் கத்திக்கொண்டே இருந்தோம்.

சில வாரம் போயிருக்கும். ஒரு விடுமுறை நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பாமலே, எப்போதும் போலத் தொண்டை கிழிய, "தூத் பீ லியா?" என்று கத்தினேன். பால் குடித்தாயா என்று.

"அம்மா, சில்லாவோ மத்."

அம்மா, கத்தாதே.

கரண்டி கையில் இருக்கத் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தைகள் குழைந்துதான் வந்தன. ஆனாலும் வாக்கியம் அதுதான், சந்தேகமே இல்லை.

அதுவரை அவளிடம் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் நாங்கள் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, படத்தைக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து கற்றுக்கொடுத்தது. பால், பந்து, நாய், செருப்பு. இந்த வாக்கியத்தை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இது கீழ் வீட்டு அம்மாள் தினமும் தன் இரண்டு பையன்களிடம், அவர்களைவிட உரக்க, மாடிப்படி அதிரச் சொல்லும் வாக்கியம். அது படியேறி வந்து, யாரும் காட்டாமல், யாரும் அவளைப் பார்த்துச் சொல்லாமல், அவள் காதுக்குள் போயிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சு அப்படித்தானே வருகிறது, அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போது?

அடுப்பைக் கூட அணைக்கத் தோன்றாமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். சரி, இனிக் கத்த வேண்டாம், மெதுவாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷமாக அவளிடம் கத்தக்கூடியதை மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். வா, போ, தின்னு, தூங்கு, தொடாதே. ஒரு குழந்தையிடம் தணிந்த குரலில் சொல்வதற்கு எனக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. என் ஹிந்தியில் பஸ் இருந்தது, வெங்காயம் இருந்தது, மோனோமர் டிரம்மை எங்கே இறக்க வேண்டும் என்பது இருந்தது. இது இல்லை. ஆடியாலஜிஸ்ட் அம்மாள் ஒரே பாஷை என்று சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் என்னால் ஆகவில்லை.

"தலைய இப்பிடிக் கலச்சு வச்சிருக்கியேட்டி, என் தங்கம்," என்றேன், எனக்கே கேட்டதோ இல்லையோ என்ற குரலில். "வா, அம்மா பின்னி விடுதேன்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"க்யா?" என்றாள், என்ன என்று.

நான் குரலை உயர்த்தாமல் அதையே இன்னொரு தரம் சொன்னேன்.